கியர் அரைக்குது, லோ-ல கழண்டு விழுது: ஒரு யூடிவி பெல்ட் கிளட்ச் கேஸ் முழுசா

ஓமான்ல பிதியா பக்கம் மணல்மேட்டுக்குள்ள டூரிஸ்ட் கேம்ப் நடத்துறவங்க கிட்ட தண்ணி, கேஸ் சிலிண்டர், கெஸ்ட் பெட்டி எல்லாம் ஏத்தி இறக்க ரெண்டு சீட் யூடிவி, அதாவது மணல், மேடு பள்ளத்துல ஓடுற சின்ன வேலை வண்டி, வச்சிருப்பாங்க, பின்னாடி சின்ன டிப்பர் தொட்டி இருக்கும். அப்படி ஒண்ணு ஒர்க்‌ஷாப்புக்கு வந்துச்சு. கார்புரேட்டர் காலத்து வண்டி. கம்பெனி பேரு சொல்லல, ஏன்னா கோளாறு வண்டியோட பிறவிக் கோளாறு இல்ல, முழுக்க முழுக்க கை வச்சதால வந்தது.

கம்ப்ளெயின்ட் நாலு. என்ஜின் ஓடும்போது நியூட்ரல்ல இருந்து ரிவர்ஸ் போட்டாலும் ஹை (வேகத்துக்கான கியர்) போட்டாலும் கரகரன்னு அரைக்குது. கியர் விழுந்ததும் ஆக்ஸிலரேட்டர் தொடாமலே வண்டி ஊருது. லோ-ல (இழுவைக்கான கியர்) போட்டு மேடு ஏறுனா பாதில டப்புனு கழண்டு என்ஜின் மட்டும் அலறுது. ரப்பர் கருகுற வாடை எப்பவும் இருக்கு. கேம்ப் டிரைவர் கேரளாக்காரர், "சேட்டா, கியர் பாக்ஸ் போயி" அப்படின்னு அவரே தீர்ப்பு எழுதிட்டுத்தான் வந்தாரு. கியர் பாக்ஸ் இறக்குறதுன்னா பெரிய செலவு, அதான் முதலாளி ஒரு தடவை நல்லா பாத்துட்டு சொல்லுங்கன்னு அனுப்பியிருந்தாரு.

டிரைவர் கிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, இந்த நாலும் ஒரே நாள்ல வந்துச்சா, இல்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துச்சா, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல யாரு என்ன பண்ணாங்கன்னு. அதுல தான் கேஸே திறந்துச்சு. கோடைல பெல்ட் அறுந்திருக்கு, ஒரிஜினல் கிடைக்கலன்னு வெளி மார்க்கெட் பெல்ட் ஒண்ணு வாங்கி போட்டிருக்காங்க. அது போட்டப்புறம் கியர் போட்டாலே என்ஜின் ஆஃப் ஆகுது. ஆஃப் ஆகுதேன்னு ஒருத்தர் ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டர் தொடாதப்ப என்ஜின் ஓடுற வேகம்) ஸ்க்ரூவை ஏத்தி விட்டிருக்காரு. அப்புறம் கியர் அரைக்க ஆரம்பிச்சுது, அரைக்குதேன்னு இன்னொருத்தர் கியர் ராடை முறுக்கி அட்ஜஸ்ட் பண்ணியிருக்காரு. ராடை முறுக்குனப்புறம் லோ கழள ஆரம்பிச்சுது. ஆக நாலும் ஒரே கோளாறோட பிள்ளைங்க, ஒவ்வொரு ரிப்பேரும் முந்தின கோளாறை மூடிட்டு புதுசா ஒண்ணை பெத்துப் போட்டிருக்கு. அதனால முதல்ல பெல்ட், அப்புறம் கிளட்ச், அப்புறம் ஐட்லிங், எல்லாம் சரியானப்புறம் தான் லிங்கேஜ், அதாவது லீவரையும் கியர் பாக்ஸையும் இணைக்கிற அந்த ராடு. லிங்கேஜை முதல்ல தொட்டா அந்த ரெண்டாவது ஆள் பண்ணதையே தான் நாமளும் பண்ணுவோம்.

இங்க கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா நம்ம ஊர் மெக்கானிக்குங்க நிறைய பேருக்கு பெல்ட் டிரைவ்னா ஸ்கூட்டர் தான் ஞாபகம் வரும், 1984-ல வந்த கைனடிக் ஹோண்டால இருந்து இன்னைக்கு ஆக்டிவா வரைக்கும். ஸ்கூட்டர்ல முன்னாடி வேரியேட்டர் (விரிஞ்சு சுருங்குற புல்லி), பின்னாடி புல்லியோட சேர்ந்தாப்புல தனியா ஒரு செண்ட்ரிஃப்யூகல் கிளட்ச், ஷூவும் பெல்லும். ஐட்லிங்ல பெல்ட் சுத்திக்கிட்டு தான் இருக்கும், ஷூ பெல்லை பிடிக்காததால வண்டி நிக்குது. இந்த மாதிரி யூடிவில அந்த ஷூவும் இல்ல பெல்லும் இல்ல, பெல்ட்டே தான் கிளட்ச். முன்னாடி பிரைமரி புல்லி ஐட்லிங்ல விரிஞ்சு திறந்து கிடக்கும், பெல்ட் நடுத்தண்டு மேல லூசா படுத்திருக்கும், தண்டு சுத்தும், பெல்ட் சுத்தாது. ஆர்பிஎம் (என்ஜின் ஒரு நிமிஷத்துல சுத்துற சுத்து) ஏற ஏற புல்லிக்குள்ள இருக்கிற வெயிட்டுங்க ரங்கராட்டினத்து சீட் மாதிரி வெளிய விரிஞ்சு ஸ்பிரிங்கை அமுக்கி நகரும் தட்டை உள்ள தள்ளும், ரெண்டு தட்டும் பெல்ட்டை கவ்வும், அப்பத்தான் வண்டி நகரும். பின்னாடி செகண்டரி இதுக்கு நேர் எதிர், சும்மா இருக்கும்போது மூடியிருக்கும், பெல்ட் அதோட வெளி விளிம்புல நிக்கும், வேகம் ஏறும்போது பெல்ட் உள்ள இழுக்க அது விரியும், உள்ள இருக்கிற சரிவு கேம் லோடு வந்தா திரும்ப மூடி இழுவை கொடுக்கும். 1958-ல ஹாலந்துல டாஃப் கார்ல வான் டோர்ன கொண்டு வந்த விரிஞ்சு சுருங்குற புல்லி கணக்கு தான் அடிப்படை. யூடிவில எல்லா கம்பெனியும் இப்படி இல்ல, யமஹால பெல்ட் எப்பவும் இறுக்கமா சுத்தும், அதுக்கு முன்னாடி ஆயில்ல முங்குன தனி கிளட்ச் இருக்கும். பிரைமரி தண்டுல ஒன் வே பேரிங் வச்ச என்ஜின் பிரேக்கிங் டைப்பும் இருக்கு, அதுல பெல்ட் தொய்வே இருக்காது, கீழ நான் சொல்ற தொய்வு டெஸ்ட் அதுக்கு பொருந்தாது. எந்த டைப்புன்னு தெரியாம ஸ்கேலை வச்சு அளக்காதீங்க.

இப்ப கியர் ஏன் அரைக்குதுன்னா, செகண்டரி புல்லி நேரா கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்ல உக்காந்திருக்கு. பெல்ட் ஐட்லிங்ல இழுத்தா அந்த ஷாஃப்ட் சுத்தும், வண்டி நிக்கிறதால அந்தப் பக்கம் சுத்தாது, சுத்துற பல்லையும் நிக்கிற பல்லையும் கோக்கப் பாத்தா கரகரன்னு தான் வரும். இதுல ரெண்டு பக்க வேகத்தையும் சமமாக்குற சின்க்ரோ ரிங் எல்லாம் கிடையாது, நாய்ப்பல் மாதிரி முட்டு முட்டா இருக்கிற காலர் தான், அது நின்ன நிலைல தான் கோக்கணும்.

அதனால முதல் டெஸ்ட் காசு செலவில்லாதது. என்ஜின் ஆஃப், வண்டியை முன்னும் பின்னும் லேசா ஆட்டிக்கிட்டே எல்லா கியரும் போட்டு பாக்கணும். ரிவர்ஸ் சுத்தமா விழுந்துச்சு, ஹையும் விழுந்துச்சு, சத்தம் இல்ல, லோ மட்டும் விழுந்த மாதிரியும் இருந்துச்சு விழாத மாதிரியும் இருந்துச்சு, அந்த டிக்குங்கிற உணர்வு கைக்கு வரல. என்ஜின் ஆஃப்ல அரைக்காம ஆன்ல மட்டும் அரைச்சா தப்பு பெல்ட் பக்கம். ஆஃப்லயே கடுசா இருந்தா, இல்ல டிக் வராம இருந்தா லிங்கேஜ் பக்கம். இங்க ரெண்டும் இருக்குன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு.

ரெண்டாவது, பெல்ட்டையும் புல்லியையும் மூடியிருக்கிற சிவிடி கவரை கழட்டி, நியூட்ரல்ல வச்சு, என்ஜின் ஆஃப்ல பெல்ட்டை கையால பிடிச்சு ஓட்டிப் பாத்தோம். நல்ல வண்டில பிரைமரி தண்டு மேல பெல்ட் வழுக்கிக்கிட்டு ஓடும், செகண்டரி கூடவே சுத்தும். இதுல ஓட்டவே முடியல, ரெண்டு தட்டுக்கு நடுவுல பெல்ட் சிக்கிக்கிட்டு நிக்குது, பக்கவாட்டுல இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடு, அந்த ஃபீலர் கேஜ் நுழையவே இடமில்ல.

மூணாவது, பின் சக்கரத்தை தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தி, முன் சக்கரத்துக்கு கட்டை வச்சு, நாலு வீல் டிரைவை ஆஃப் பண்ணி, பிளக் வயர்ல மாட்டுற டாக்கோமீட்டர் வச்சு ஐட்லிங் பாத்தா 1,550 ஆர்பிஎம். இந்த வண்டிக்கு மேனுவல்ல 1,200 தான். ஐட்லிங்ல ஹை போட்டா பின் சக்கரம் சுத்துச்சு. தூக்கி நிறுத்துன வண்டில லேசா சுத்துறது சகஜம், அதை வச்சு முடிவு பண்ணக்கூடாது, பிரேக்கை மெதுவா தொட்டா சக்கரம் நின்னுட்டு என்ஜின் அசராம ஓடுனா பிரச்சினை இல்ல. இங்க பிரேக் தொட்டதும் ஆர்பிஎம் சரிஞ்சு என்ஜின் நிக்கப் பாத்துச்சு, அதாவது பெல்ட் நிஜமாவே கவ்வி இழுக்குது. 1,200-க்கும் 1,550-க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு கேப்பாங்க. வெயிட் வெளிய தள்ளுற பலம் ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும், 1,550-ல அது 1,200-ல இருந்ததை விட ஒண்ணரை மடங்குக்கும் மேல, ஸ்பிரிங்கோட ஆரம்ப பலத்தை தொட்டுடும். கவர் இல்லாம என்ஜின் ஓட்டும்போது பெல்ட் சுத்துற கோட்டுக்கு நேரா யாரும் நிக்கக்கூடாது, அறுந்தா சாட்டையா வந்து அடிக்கும், கூட வேலை செய்யுற தம்பியை ரெண்டு தடவை அந்தப் பக்கம் தள்ளி விட வேண்டியிருந்துச்சு.

பெல்ட்டை கழட்டினோம். செகண்டரி தட்டை அமுக்கி திருகி விரிச்சா தொய்வு வரும், ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பக்கூடாது, தட்டு முகத்துல கீறல் விழுந்தா அது புது பெல்ட்டை தின்னும். கழட்டுறதுக்கு முன்னாடியே ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, செகண்டரில பெல்ட் விளிம்பை விட சுமார் 3 மி.மீ. வெளிய துருத்திக்கிட்டு நின்னுச்சு. இந்த வண்டில புது பெல்ட் விளிம்புக்கு சமமா இருக்கணும். வெர்னியர்ல பாத்தா அகலம் 31.2, முதலாளி கொடுத்து விட்ட ஒரிஜினல் புது பெல்ட் 30. ஓடித் தேஞ்சப்புறமே இது 31.2-ன்னா புதுசுல இன்னும் அகலம். ஒண்ணே கால் மில்லிமீட்டர்ல என்ன ஆயிடப்போகுதுன்னு தோணும், ஆனா தட்டு ஒவ்வொரு பக்கமும் பதிமூணு டிகிரி சொச்சம் தான் சரிவு, அந்த சரிவுல அகலம் 1.2 கூடுனா பெல்ட் ரெண்டரை மி.மீ.க்கு மேல உசந்து நிக்கும், பிரைமரில ஐட்லிங்ல இருக்க வேண்டிய இடைவெளி அப்படியே காணாமப்போகும். பெல்ட்டோட ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பளபளன்னு கருகி இருந்துச்சு, ஒரு இடத்துல இடுப்பு வச்ச மாதிரி ஒல்லியா தேஞ்சிருந்துச்சு. அந்த இடுப்பு எப்படி வரும்னா வண்டி மணல்ல புதைஞ்சு நிக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அமுக்குனா பெல்ட் நிக்கும், பிரைமரி மட்டும் அந்த ஒரே இடத்துல சுத்திச் சுத்தி செதுக்கும். டிரைவர் அதைக் கேட்டு சிரிச்சுட்டு வேற பக்கம் பாத்தாரு.

பெல்ட்டை மாத்தி விட்டாலே பாதி சரியாயிருக்கும், ஆனா பிரைமரியை பாக்காம மாட்ட மனசு வரல, ஏன்னா நகரும் தட்டை கையால அமுக்கி விட்டா திரும்பி வர்றதுல ஒரு சோம்பல் இருந்துச்சு. புல்லர் போல்ட் போட்டு இறக்குனோம். சுத்தியலால தட்டி இறக்குறவங்க இருக்காங்க, கிராங்க் ஷாஃப்ட் முனை கூம்பு வடிவம், அது வளைஞ்சா வண்டியே போச்சு. கவருக்கும் தட்டுக்கும் குறி போட்டுட்டு, ஸ்க்ரூக்களை கொஞ்சம் கொஞ்சமா சமமா தளத்தி திறந்தோம், உள்ள ஸ்பிரிங் அழுத்தத்துல இருக்கும், ஒரு பக்கம் மட்டும் கழட்டினா கவர் சாய்ஞ்சு புஷ் கெடும். உள்ள பாத்தா சரியான கூத்து. நகரும் தட்டு ஸ்மூத்தா ஓடட்டும்னு யாரோ நல்லெண்ணத்துல கிரீஸ் தடவியிருக்காங்க. இது காஞ்சு ஓட வேண்டிய இடம், புஷ் எல்லாம் தானே வழுக்குற பொருள்ல செஞ்சது. கிரீஸும் பெல்ட் தூளும் அந்த ஊர் மணலும் சேர்ந்து கருப்பு பசையா அப்பி, அதுவே தட்டை உரசு காகிதமா தேச்சுக்கிட்டு இருந்திருக்கு. ரோலர்ல ஒண்ணு ஒரு பக்கம் தட்டையா தேஞ்சிருந்துச்சு, வெயிட் பின்னுங்க பரவாயில்ல, ஸ்பிரிங் நீளம் சரியா இருந்துச்சு. ரோலரை செட்டா மாத்தினோம், ஒண்ணு மட்டும் மாத்துனா ஒரு பக்கம் முந்திக்கிட்டு தள்ளும். பிரேக் கிளீனர் அடிச்சு, தட்டு முகத்தை ஸ்காட்ச் பிரைட்டால குறுக்கும் மறுக்கும் லேசா தேச்சு, துணில அழுக்கு வராத வரைக்கும் துடைச்சோம். கூம்பையும் எண்ணெய் இல்லாம துடைச்சு மாட்டி, போல்ட்டை டார்க் ரென்ச்சுல முறுக்குனோம். செகண்டரில கேம் பட்டன் தேய்மானம் இல்ல, ஊதி சுத்தம் பண்ணதோட சரி. காத்து வர்ற டக்ட்ல ஒரு கை மணல் இருந்துச்சு, கருகல் வாடைக்கு அதுவும் பங்காளி.

புது பெல்ட்டை அம்புக்குறி பாத்து மாட்டினோம். அம்புக்குறி இல்லன்னா எழுத்து முன்ன எந்தப் பக்கம் படிக்க வந்துச்சோ அதே பக்கம். அப்புறம் தொய்வு: ரெண்டு புல்லிக்கும் மேல பெல்ட் முதுகுல நேர்கட்டையை வச்சு, நடுவுல பெல்ட்டை விரலால கீழ அமுக்கி எவ்வளவு இறங்குதுன்னு ஸ்கேல்ல பாக்கணும். மேனுவல் 28-ல இருந்து 32 மி.மீ. கேக்குது, எங்களுக்கு 25 வந்துச்சு. செகண்டரி தட்டுக்கு நடுவுல ஒரு ஷிம் (மெல்லிசு வாஷர்) சேத்தோம். ஷிம் சேத்தா தட்டு கொஞ்சம் விரியும், பெல்ட் உள்ள இறங்கும், தொய்வு கூடும், எடுத்தா இறுகும், இதை தலைகீழா ஞாபகம் வச்சிருக்கிறவங்க நிறைய. சில வண்டில ஷிம்முக்கு பதிலா திருகுற போல்ட் இருக்கும். ஷிம் போட்ட உடனே அளக்காதீங்க, புல்லியை கையால பல சுத்து சுத்தி பெல்ட் அதோட இடத்துக்கு ஏறுனப்புறம் அளக்கணும். 29 வந்துச்சு, விட்டுட்டோம். நேர்கட்டை வச்சு ரெண்டு புல்லியும் ஒரே கோட்டுல இருக்கான்னும் பாத்தோம், என்ஜின் மவுண்ட் ரப்பர் உக்காந்திருந்தா இது கெடும், இங்க சரியா தான் இருந்துச்சு.

இப்ப பெல்ட்டை கையால தள்ளுனா சல்லுனு ஓடுது. ஐட்லிங்கை 1,200-க்கு இறக்கினோம், ஆக்ஸிலரேட்டர் கேபிள்ல கொஞ்சம் ஃப்ரீ ப்ளே விட்டோம், இல்லன்னா கேபிள் இழுத்து ஆர்பிஎம் ஏறும். கியர் போட்டா என்ஜின் நிக்கல, சத்தமில்லாம ரிவர்ஸ் விழுந்துச்சு, ஹை விழுந்துச்சு. ஆக்ஸிலரேட்டரை மெதுவா கொடுத்தா 1,600 பக்கம் சக்கரத்துக்கு இழுவை வருது. லிங்கேஜ்ல இதுவரைக்கும் ஒரு ஸ்பானர் கூட வைக்கல, அரைக்கிறது போயிடுச்சு. டிரைவருக்கு அதுதான் நம்ப முடியல.

லோ மட்டும் பாக்கி. லீவர்ல இருந்து கியர் பாக்ஸ் ஆர்முக்கு ஒரு ராடு, ரெண்டு முனைலயும் பால் ஜாயிண்ட், ஒண்ணு வலது மரை ஒண்ணு இடது மரை, நடுவுல திருகுனா நீளம் கூடும் குறையும். முதல்ல பால் ஜாயிண்டை ஆட்டிப் பாத்தோம், மணல் புகுந்து ரெண்டும் லொடலொடன்னு, லீவர் நகந்து கொஞ்ச தூரம் வரைக்கும் ஆர்ம் அசையவே இல்ல. இதை வச்சுக்கிட்டு நீளத்தை அட்ஜஸ்ட் பண்றது வீண் வேலை, மாத்தினோம்.

அப்புறம் ராடை கழட்டி விட்டு, கியர் பாக்ஸ் ஆர்மை கையாலயே ஒவ்வொரு இடமா நகத்தினோம். உள்ள ஸ்பிரிங் போட்ட குண்டு பள்ளத்துல விழும்போது டிக்னு கைக்கு தெரியும். ரிவர்ஸ், நியூட்ரல், ஹை, லோ, நாலு டிக்குக்கும் கேசிங்ல மார்க்கர்ல கோடு போட்டோம். லோ-வும் கையால பண்ணா அழகா விழுது, அதாவது பாக்ஸ் உள்ள போகலன்னு பாதி நம்பிக்கை. புது ஜாயிண்டோட பழைய நீளத்துலயே ராடை மாட்டி லீவரை லோ-வுக்கு தள்ளுனா, லீவர் அதோட காடி முனைல போய் முட்டிடுது, ஆர்ம் கோட்டுக்கு 4 மி.மீ. முன்னாடியே நின்னுடுது. இந்த வண்டில வரிசை ரிவர்ஸ், நியூட்ரல், ஹை, லோ, லோ தான் கடைசி. அந்த ரெண்டாவது ஆள் ரிவர்ஸ் அரைக்குதுன்னு எல்லாத்தையும் ரிவர்ஸ் பக்கம் இழுத்து வச்சிருக்காரு, அந்தப் பக்கம் மிச்சம் கிடைச்சுது, இந்தப் பக்கம் லோ அரைகுறையா மாட்டுச்சு. முட்டுப்பல் அரை ஆழத்துல கோத்துக்கிட்டு 200 லிட்டர் தண்ணியை மேட்டுல இழுத்தா வெளிய தள்ளாம என்ன செய்யும்.

அட்ஜஸ்ட் பண்ற இடம் நியூட்ரல். ஆர்ம் நியூட்ரல் கோட்டுல, லீவர் அதோட நியூட்ரல் காடில நடுவுல, இப்ப ஜாயிண்ட் போல்ட் தள்ளாம இழுக்காம தானா உள்ள போற வரைக்கும் ராடை திருகணும். அதுக்கப்புறம் ரெண்டு கோடிலயும் பாக்கணும், ரிவர்ஸ்லயும் லோ-லயும் ஆர்ம் கோட்டை தொட்டப்புறம் லீவருக்கு காடி முனைல கொஞ்சமாவது இடம் மிச்சம் இருக்கணும். எங்களுக்கு நியூட்ரல்ல சரியா வந்து லோ-ல மிச்சம் கம்மியா இருந்துச்சு, அரைச் சுத்து லோ பக்கம் கொடுத்ததும் ரெண்டு பக்கமும் சமம் ஆச்சு. லாக் நட் முறுக்கும்போது ஜாயிண்ட் திரும்பிடாம இன்னொரு ஸ்பானர் பிடிச்சுக்கணும், இல்லன்னா பண்ணதெல்லாம் அந்த ஒரு முறுக்குல போயிடும்.

புது பெல்ட்டுக்கு உடனே முழு லோடு கொடுக்கக் கூடாது, முதல்ல வெறும் வண்டியை ஏத்தி இறக்கி வேகம் மாத்தி மாத்தி ஓட்டினோம். பிறகு பாதி தண்ணி ஏத்தி லோ-ல மேடு. லோ-ல முக்கியமா பாக்க வேண்டியது ஏறும்போது இல்ல, ஆக்ஸிலரேட்டரை விட்டு திரும்ப கொடுக்கிற அந்த நொடி, இழுவை திசை மாறும்போது தான் தேஞ்ச பல் வழுக்கும். கையை லீவர் மேல லேசா வச்சா துடிப்பு தெரியும். துடிக்கல, கழளவும் இல்ல. முழு லோடுல ஏறி வந்து நிறுத்துன உடனே கவரை திறந்து செகண்டரி தட்டுல சூடு அளக்கிற கன் காட்டினா 84 டிகிரி, வர்றப்ப இதே மேட்டுல 118 காட்டியிருந்துச்சு.

கியர் ஆயிலை வடிச்சு பாத்தோம். வடி போல்ட் காந்தத்துல தூள் மட்டும் இல்ல, நகம் வெட்டுன மாதிரி ரெண்டு மூணு சில்லும் இருந்துச்சு. அரைச்ச நாள்லயும் அரைகுறையா மாட்டி ஓடுன நாள்லயும் முட்டுப்பல் முனை மழுங்கியிருக்கும், அது அட்ஜஸ்ட்மென்ட்ல திரும்ப முளைக்காது. முதலாளி கிட்ட அதை அப்படியே சொன்னேன், பாக்ஸை இப்ப இறக்க வேண்டாம், புது ஆயில் ஊத்தியாச்சு, சீக்கிரமே ஒரு தடவை வடிச்சு பாப்போம், சில்லு மறுபடி வந்தா அப்ப இறக்கலாம்னு. டிரைவருக்கு சொன்னது: முழுசா நிறுத்தி, ஐட்லிங் இறங்குனப்புறம் கியர் போடுங்க, பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு கீழ லோடோட மணல்ல ஊர்ந்தா லோ-ல தான் ஓட்டணும், ஹை-ல ஊர்ந்தா பெல்ட் வழுக்கி வேகும், புதைஞ்சா ஆக்ஸிலரேட்டரை அமுக்காம இறங்கி தோண்டுங்க. அடுத்த தடவை ஆயில் வடிச்சப்ப காந்தத்துல மெல்லிசா சாம்பல் பூச்சு மட்டும் இருந்துச்சு, சில்லு இல்ல. பாக்ஸ் இன்னும் திறக்கல.